பதினேழாம் நம்பர் அறை

உரிகாம், கோலார் தங்கவயல்
18 ஏப்ரல் 1904

கிறிஸ்துவுக்குள் அன்பான லூயிசாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்பது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது. நேற்று ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போதகர் ஐயா என் தோளைத் தொட்டு, "இன்னா ஏனோக்கு, உன் சம்சாரம் ரங்கூனுக்குப் போவுதாமே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் ஐயா" என்று சொல்லிவிட்டேன். புருஷனைக் கோவில் வாசலில் நிறுத்திப் பொய் சொல்ல வைத்தவள் நீ. அந்தப் பாவத்தில் பாதி உன் பேரில்தான்.

மிஷன் பெண்பிள்ளைகள் போர்டிங்கில் மேட்ரன் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம் என்றார். நீ பட்டணத்தில் இருந்த இந்த மூன்று வருஷமும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ரயில் ஏறினால் மறுநாள் காலையில் உன் வாசலில் நிற்கலாம் என்ற தைரியம். ஒரு தடவையாவது நின்றீர்களா என்று நீ கேட்பாய். நிற்கவில்லை. நிற்கலாம் என்பதே போதுமாக இருந்தது. இப்போது நடுவில் கடல் வருகிறது.

இங்கே புதுச் சேதி அதிகமில்லை. பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிற வேலை நடக்கிறது. என்னோடு கீழே வேலை செய்கிற சம்பங்கிக்கு நாலாவதும் பெண். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான்தான் ஒரு அதட்டு போட்டு எழுப்பினேன்.

கப்பல் ஏறுமுன் எனக்கு ஒரு மணி நேரம் கொடு. எதற்கென்று மறைக்கமாட்டேன். போகாதே என்று கேட்கப்போகிறேன். சுரங்கத்துக் கேப்டன் துரை என்னை உள்ளேயிருந்து எடுத்து மேலே மரக்கிடங்கில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகஸ்டிலிருந்து உன் புருஷன் வெயில் படுகிற இடத்தில் வேலை செய்வான். கூப்பிட்ட குரலுக்கு வருவான். இதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன்,
ஏனோக்

சென்னை
25 ஏப்ரல் 1904

வின்னி அப்பாவுக்கு லூயிசா எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. கோவில் வாசலில் சொன்ன பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம், முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சம்பங்கி பெண்டாட்டிக்குப் பெருங்காயமும் பூண்டும் தவறாமல் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதட்டுப் போட்டால் மட்டும் போதாது.

நான் ஏன் அந்த வீட்டை விட்டு வந்தேன் என்று லைன் வீடுகளில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். உங்களுக்காவது சரியாகத் தெரியட்டும். வின்னிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று சுரங்கத்து டைம் ஆபீசுக்கு ஓடிவந்தேன். கீழே ஆள் அனுப்பினார்கள். "முட்டு நிறுத்திட்டு வரேன்" என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். நீங்கள் ஏறி வந்தபோது பிள்ளை போய்விட்டது. மரமுட்டை அப்படியே விட்டு வந்திருந்தால் மேல்கல் சரிந்து ஆறு பேர் செத்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். அந்த ஆறு பேருடைய பெண்சாதிகளும், சம்பங்கி பெண்டாட்டி உட்பட, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உங்கள் மேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் தப்பு செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன். திட்ட ஒன்றும் இல்லாததால்தான் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல் மே 18, புதன்கிழமை காலை. திங்களோ செவ்வாயோ சாயங்காலம் நாலு மணிக்கு வரலாம். நான் வேலை செய்கிற போர்டிங்குக்கு வராதீர்கள், மிஸ்ஸியம்மாள் ஆண்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பெரம்பூரில் உங்கள் அக்காள் வீடும் வேண்டாம். அங்கே இருபது பேர் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுவார்கள். கடற்கரையிலும் நிற்கமாட்டேன்.

கதவு உள்ள ஓர் அறையில் பேசுவோம். நம் வீட்டுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். நான் அழுதால் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா தட்டி இடுக்கில் வெந்நீர்த் தம்ளரை நீட்டுவாள். நல்ல மனுஷி. ஆனாலும் அங்கே ஒரு நாளும் நான் வாய்விட்டு அழுததில்லை, நீங்களும் அழுததில்லை.

தங்கள்,
லூயிசா

உரிகாம்
2 மே 1904

பிரியமான லூயிசா,

கதவு கிடைத்துவிட்டது. சாதாரணக் கதவு இல்லை, பித்தளைப் பிடி போட்ட தேக்குக் கதவு. எங்கே என்று கேள். மவுண்ட் ரோட்டில், கவர்னர் வீட்டு விருந்தாளிகள் தங்குகிற பெரிய ஓட்டலில்.

உன் புருஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. நம் கேப்டன் வீட்டு பட்லருடைய மைத்துனன் சகாயம் அந்த ஓட்டலில் சாப்பாட்டு ஹாலில் இருக்கிறான். மே மாதம் வந்தால் துரைமாரெல்லாம் ஊட்டிக்கு ஏறிவிடுகிறார்கள், பட்டணத்து வெயிலில் ஓட்டல் காலியாகக் கிடக்கிறது. அதனால் தங்கவயல் கேப்டன் கையெழுத்துப் போட்ட சீட்டுக் கொண்டுவருகிறவருக்குப் பாதி வாடகையில் அறை கொடுக்கிறார்கள். ஏற்பாடு வெள்ளைக்காரருக்காகச் செய்தது. ஆனால் சீட்டில் நிறம் எழுதவில்லை என்கிறான் சகாயம்.

கேப்டனிடம் போய் நின்றேன். ஓட்டலில் உனக்கு என்ன வேலை என்று சிரித்தார். "என் சம்சாரத்தோட பேசணும் துரை" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சில நிபந்தனைகள் இருக்கின்றன. முன்பக்கத்துப் பெரிய படியில் நான் ஏறக்கூடாது, பின்பக்கம் இரும்புப் படி இருக்கிறது. சாப்பாடு ஹாலில் கிடையாது, அறைக்கே வரும். பூட்ஸ் போட வேண்டும். போதகர் ஐயா அவருடையதைக் கொடுத்திருக்கிறார். அவர் கால் சின்னது, அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியமே வந்துவிடுவேன். நாலு மணிக்கு நீ முன்வாசலில், மேஜையில் இருக்கிற ரைட்டரிடம் என் பேரைச் சொல். இரண்டாம் மாடி, பதினேழாம் நம்பர்.

உன்,
ஏனோக்

சென்னை
9 மே 1904

வின்னி அப்பாவுக்கு,

நான் கதவு கேட்டேன், கவர்னர் விருந்தாளியாக ஆக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இருந்தாலும் பரவாயில்லை. வருகிறேன்.

எனக்காகத் தேத்தண்ணீர், பிஸ்கோத்து என்று யாரையும் ஓடவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைக் கேட்பேன். கேட்பது வேறு, சரி என்பது வேறு. பூட்ஸ் கடித்தால் விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

லூயிசா

மவுண்ட் ரோடு, சென்னை
17 மே 1904, காலை

லூயிசா,

நேற்று நீ வரவில்லை. திங்கள் இல்லாவிட்டால் செவ்வாய் என்று நீயே எழுதியிருந்ததால் என்னைத் தேற்றிக்கொண்டேன். சாப்பாடு கொண்டுவருகிறவரிடம் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்கிறேன். மதியத்துக்குள் போர்டிங்குக்கு வந்துவிடும் என்றார்.

இந்த அறையை நீ பார்க்க வேண்டும். நம் வீட்டைப் போல மூன்று வீடு இதற்குள் அடங்கும். மெத்தையில் படுத்தால் சுரங்கத்துக் கேஜில் இறங்குகிற மாதிரி உடம்பு கீழே கீழே போகிறது. பயந்து தரையில் படுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று கேள், இவ்வளவு பெரிய ஓட்டலில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். நம் ஊரில் மின்சார விளக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. சாப்பாடு கொண்டுவருகிறவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் இது நம் ஊர் மாதிரி இருக்கிறது. கீழே ரைட்டர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை. அறைக்கு ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே ஒரு சின்ன மாடம். சாவியோடு நம்பர் அடித்த பித்தளை வில்லை. பார்த்ததும் எனக்கு டைம் ஆபீசுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. சுரங்க ஷாப்டில் இறங்குமுன் அவனவன் வில்லையைக் கொடுத்து ஆணியில் மாட்டிவிட்டு இறங்குகிறோம், ஏறி வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் அல்லவா? பலகையில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். பதினெட்டு வருஷப் பழக்கம். நேற்று அறையைத் திறந்து பெட்டியை வைத்ததும் நேரே இறங்கிப்போய்ச் சாவியை ரைட்டரிடம் கொடுத்துவிட்டுப் பின்படியில் ஏறி வந்துவிட்டேன். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கி மாட்டினார். அதற்கப்புறம்தான் எனக்கு நிம்மதி. நீ வந்து கேட்டால் பலகையைப் பார்த்ததும் ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள்.

அதிலிருந்து நான் அறையை விட்டு அசையவில்லை. நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசவேண்டியதை மனப்பாடம் செய்து வந்தேன், பாதி மறந்துவிட்டது. நீ வந்தால் முதலில் வின்னியைப் பற்றித்தான் பேசுவேன். மூன்று வருஷமாக அவள் பேரை நான் யாரிடமும் சொல்லவில்லை, லூயிசா. கீழே வேலை செய்கிறபோது வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். இங்கே கதவைச் சாத்திவிட்டு உன்னோடு சேர்ந்து ஒரு தடவை அழவேண்டும். அழுதுவிட்டு, போகாதே என்று கேட்கவேண்டும்.

நாலு மணிக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏனோக்

ஓட்டல் வாசல்
17 மே 1904, மாலை ஐந்து மணி

வின்னி அப்பாவுக்கு,

நேற்று நாலு மணிக்கு வந்தேன். நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து மணிவரை கேட் ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போனேன். இன்றும் வந்தேன். நேற்று மதியம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை என்கிறார்கள். ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை பெட்டியை எடுக்க வருவீர்களோ என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கோபமில்லை. நேற்றுக் காலையிலேயே போர்டிங்கைக் காலி செய்துவிட்டேன். ராயபுரத்தில் மிஸ்ஸியம்மாளுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்குக் கப்பல். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

லூயிசா

உரிகாம்
21 மே 1904

என் லூயிசாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன். ரங்கூன் மிஷன் விலாசத்தைப் போதகர் ஐயாவிடம் வாங்கினேன்.

நான் உள்ளேதான் இருந்தேன். திங்கள் மதியத்திலிருந்து புதன் காலைவரை, நீ கேட் ஓரம் நின்ற நேரமெல்லாம், உன் தலைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தேன். என் அறைக்கு ஜன்னல் குதிரை லாயத்தைப் பார்த்து. முன்பக்கம் பார்த்திருந்தால் உன் குடையையாவது கண்டிருப்பேன்.

புதன் காலை, நீ வரமாட்டாய் என்று தெரிந்துவிட்டது, துறைமுகத்துக்காவது போய்ப் பார்ப்போம் என்று இறங்கினேன். வெளியே போகிறோமே என்று சாவியைக் கேட்டேன். ரைட்டர் என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார். சாவியோடு மாடத்திலிருந்து உன் சீட்டையும் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று படித்தேன்.

"இன்னாங்க, நான் மேலதானே இருந்தேன்? சாவி பலகையில தொங்குதே" என்றேன்.

"சாவி இங்க தொங்கினா ஆளு வெளிய போயிருக்காருன்னு அர்த்தம்."

"எங்க ஊர்ல உள்ள இருக்காருன்னு அர்த்தம்."

"இது ஓட்டலுங்க" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கும் முகம் செத்துப்போய்விட்டது. சாப்பாடு கொண்டுவந்தவரும் பின்படியிலேயே வந்து போனதால் அவர் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கப்பல் துறைமுக வாயைத் தாண்டிப் போய்விட்டது. வழியனுப்ப வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னால் லைனில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. யார் போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். சம்பங்கி மட்டும், "பலகையில வில்லை தொங்குது, ஆளு வெளியன்றானா? அவனுக்கு இன்னா கண்ணு பூடுச்சா அண்ணே?" என்று அந்த ரைட்டரைத் திட்டிக்கொண்டே இருந்தான். நான்தான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது முட்டாள்தனமாகப் பட்டது. சுரங்கத்துக்குள் போகிறவன் திரும்புவானா என்று தெரியாது, அதனால் வில்லையை வைத்துவிட்டுப் போகிறான். ஓட்டல் அறைக்குள் போகிறவனுக்கு என்ன ஆபத்து வரப்போகிறது?

லூயிசா, ஒரு வரி எழுது. வா என்று எழுதினால் அடுத்த கப்பலில் வருகிறேன். மரக்கிடங்கு வேலையை உதறிவிடுகிறேன். ரங்கூன் முழுவதும் தேக்கு என்கிறார்கள், மரமுட்டு நிறுத்துகிற டிம்பர் மேஸ்திரிக்கா அங்கே வேலை கிடைக்காது? உன் ஒப்பந்தம் முடிகிறவரை அதே ஊரில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உன்னைப் பார்த்தால் போதும். நடந்தது என் மடத்தனம். மனசால் உன்னை விட்டுப் போனதில்லை. அதை நீ நம்பவேண்டும்.

உன்,
ஏனோக்

ரங்கூன்
26 ஜூன் 1904

ஏனோக் அவர்களுக்கு,

உங்கள் பேரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வின்னி அப்பா என்று தொடங்கினால் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. ஓட்டலிலிருந்து போர்டிங்குக்கு எழுதியது எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது. அதைத்தான் முதலில் படித்தேன். வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற இடத்துக்கு மேலே படிக்க முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வின்னி பேரைச் சொல்லிச் சத்தமாக அழுதேன். யாரும் வெந்நீர் கொண்டுவரவில்லை.

நீங்கள் உள்ளே இருந்தீர்கள் என்பதை நம்புகிறேன். வேறொருவர் சொல்லியிருந்தால் நம்பமாட்டேன். உங்களை எனக்குத் தெரியும், நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நிறுத்த முடியவில்லை. என் சீட்டில் ஒன்றை எழுதாமல் விட்டேன். செவ்வாய்க்கிழமை அந்த ரைட்டர் என்னிடம், "அம்மா, ஆளை மேல அனுப்பிக் கதவைத் தட்டிப் பாக்கச் சொல்லட்டுமா? பின்படியில வந்திருந்தா எனக்குத் தெரியாது" என்று கேட்டார். "வாணாங்க" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். அவரிடமே ஒரு காகிதம் வாங்கி அந்தச் சீட்டை எழுதினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கப்பலில் நாலு நாளும் யோசித்தேன். முன்பு ஒரு தரம் உங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டு ஷாப்ட் வாசலில் நின்றேன். கேஜ் ஏறி வந்தபோதெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இன்னொரு தரம் அப்படி நிற்க எனக்குத் தெம்பில்லை. இது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. நீங்கள் மேலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். நீங்கள் கேட்டால் நான் மறுத்திருக்க மாட்டேன். உங்களோடு ரயில் ஏறி வந்திருப்பேன். அந்த வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்து, உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் அதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் இல்லை என்று அவர் சொன்னதும் எனக்கு மனம் லேசாகிவிட்டது. இப்படி ஒரு பெண்சாதியா என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

இதை மறைத்திருந்தால் நீங்கள் ஆயுசுக்கும் அந்தச் சாவியை நினைத்து உங்களையே நொந்துகொண்டிருப்பீர்கள். அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் கப்பல் ஏறியது உங்கள் மடத்தனத்தால் இல்லை.

மரக்கிடங்கு வேலையை உதறாதீர்கள். ஆகஸ்டில் சொன்னபடி மேலே வந்துவிடுங்கள். நீங்கள் வெயிலில் நின்று வேலை செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு இங்கே தூக்கம் வரும்.

ரங்கூனுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரவேண்டாம். நீங்கள் வந்து வாசலில் நின்றால் இல்லை என்று சொல்லியனுப்ப என்னால் முடியாது. இறங்கி வந்துவிடுவேன். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள்.

லூயிசா